ஒன்பது வயதின் பாக்கி

அத்தியாயம் 14

வீட்டுக் கடன் கிடைக்காமல் போனதற்குக் காரணம் தன்னுடைய ஒன்பதாவது வயது என்று தெரிந்ததிலிருந்து கெண்ட்ராவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

வங்கிக்காரர் வருத்தத்தோடுதான் சொன்னார். அவள் பெயரில் ஒரு மருத்துவ பாக்கி நிற்கிறது, அதைத் தீர்த்துவிட்டு வந்தால் மேற்கொண்டு பேசலாம் என்றார். எந்த ஆண்டுக்கு உரியது என்று பார்த்தபோது, இரண்டாயிரத்து நான்கு, அக்டோபர் என்றிருந்தது. அந்த அக்டோபரில் அவள் நான்காம் வகுப்பில் இருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

நேற்று இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் வக்கீல் ரெனே டன் காகிதங்களை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள். குழந்தைக்குச் செய்த வைத்தியத்துக்குக் குழந்தை கடன்காரி ஆக முடியாது, எழுதிப் போட்டால் உன் பெயர் நீங்கிவிடும் என்றாள். கெண்ட்ரா மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னாள். கடன் தாய் தகப்பனுடையது. அப்பா இல்லை, அம்மா இருக்கிறாள். கடைசியாகப் பணம் கட்டிப் பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டதால் கோர்ட்டுக்குப் போகும் காலம் தாண்டிவிட்டது. வசூல் கம்பெனி கேட்கலாம், பிடுங்க முடியாது. ஆனால்.

"யாராவது பத்து டாலர் கட்டிட்டாப் போதும்மா. செத்த கடன் எழுந்து உக்காந்துக்கும். அப்புறம் உங்க அம்மா சம்பளத்துல கை வைப்பாங்க. பத்து டாலருக்கு ஆசைப்பட்டா பத்து டாலர் கேக்கறாங்க?"

கெண்ட்ரா சுவரில் நாள்காட்டியைத் தேடினாள். ஏனென்றால் புதன்கிழமை போனில் அம்மா வேறு எதையோ சொல்லிக்கொண்டே இதையும் சொல்லியிருந்தாள். வசூல் கம்பெனியிலிருந்து டெரிக் என்று ஒரு பையன் அடிக்கடி பேசுகிறானாம். தன்மையான பையனாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுவான், பத்து டாலராவது தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை.

மருந்துக்கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கெண்ட்ரா காரை எடுத்தாள். ஓஹாயோ ஆற்றை ஒட்டி நாற்பது மைல். மழை விடாமல் பெய்தது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவிடம் போனில் சொன்னது போனோடு நின்றுவிடும். அவள் "சரி சரி" என்பாள். அந்தச் "சரி"க்கு அர்த்தம், நீ சொல்லி முடித்தாயா என்பதுதான்.

அம்மா ஹாரோ கிரீக்கில் பிறந்து அங்கேயே இருப்பவள். அந்த ஊரில் பணம் இல்லாதவன் ஒளிய மாட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மளிகைக்கடைக்குப் போய், கையில் இருக்கும் ஐந்தோ இரண்டோ அதை முதலாளி முன்னால் வைத்துவிட்டு நிற்பான். முதலாளி எவ்வளவு என்று பார்க்க மாட்டார். "முகம் காட்டிட்டுப் போறான்" என்பார்கள். அலுமினிய ஆலை மூடிய வருஷம் பாதி ஊர் முகம் காட்டித்தான் குளிர்காலத்தைத் தாண்டியது. முகம் காட்டாதவர்களின் பெயர் பேரப்பிள்ளைகள் காலம் வரை கெட்டுக் கிடந்தது.

டெரிக் எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனிடமும் அம்மா முகம் காட்டப் பார்க்கிறாள்.

ஊர் எல்லையில் பள்ளிக்கூடத்துக் கால்பந்து மைதானம் வந்தது. கெண்ட்ரா எப்போதும் இங்கே வண்டியின் வேகத்தைக் குறைப்பாள். இன்று அவசரத்திலும் குறைத்தாள்.

இரண்டு நாள் வயிற்று வலிக்குப் பிறகு மூன்றாம் நாள் வகுப்பில் சுருண்டு விழுந்தது அவளுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. குடல்வால் உள்ளே வெடித்துவிட்டது என்பதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. நன்றாக நினைவிருப்பது அதற்கு அடுத்த இருபது நிமிடம். ஹெலிகாப்டர் மைதானத்தில் இறங்கியபோது புல் எல்லாம் படுத்துக்கொண்டது. முழுப் பள்ளிக்கூடமும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. டீச்சர்கள் பாவாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பேண்டு வாத்தியப் பையன் ஒருவனின் தொப்பி பறந்துபோய் எங்கோ விழுந்தது. மேலே ஏறியதும் தலைக்கவசம் போட்ட ஒரு ஆள் அவள் தலையை லேசாகத் தூக்கி, "கீழ பாரு கண்ணு, உங்க ஊர் எவ்ளோ அழகா இருக்கு" என்றான்.

பார்த்தாள். ஆறு வளைந்து போனது. குன்றுகள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. புகை விடாத ஆலைப் புகைபோக்கிகள் பென்சில் மாதிரி நின்றன. தன் வீட்டுக் கூரையைத் தேடினாள், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த இருபது வருஷத்தில் கெண்ட்ரா எதிலும் பறந்ததில்லை. பள்ளியில் அவளுக்கு ஹெலிகாப்டர் ராணி என்று பெயர். அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டணத்தில் பாதியை ஆஸ்பத்திரியே தள்ளுபடி செய்தது. மீதியை ஊர் கட்டியது. தீயணைப்பு நிலையக் கூடத்தில் விருந்து வைத்தார்கள். மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழியும் நூடுல்ஸும். தட்டுக்கு இவ்வளவு என்று வைத்துவிட்டுப் போனவர்கள் சில்லறை கேட்கவில்லை. கேக்குகளை ஏலம் விட்டார்கள்; ஒரே கேக்கை நாலு பேர் வாங்கி நாலு பேரும் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்குக் கடை உண்டியலாக வைத்த கண்ணாடி ஜாடியில் அவளுடைய ஓட்டைப்பல் படம். பெட்ரோல் கடைக்காரர் மட்டும் அதை எடுக்கவே மறந்துவிட்டார். ஒரு வருஷம் கழித்து, மிட்டாய் வாங்கப் போன கெண்ட்ரா தன் ஜாடியிலேயே ஒரு காசு போட்டாள்.

அந்த இருபது நிமிடம் மட்டும் பாக்கி நின்றது. ஹெலிகாப்டர் வேறு கம்பெனி.

அதை அப்பா கட்டினார். மாதத்தின் முதல் சனிக்கிழமை, தபால் நிலையத்தில் மணியார்டர். கெண்ட்ராவையும் தம்பி கோரியையும் கூட்டிப்போவார். திரும்பும்போது ஆளுக்கு ஒரு டோனட். தபால் நிலையம் என்பது டோனட்டுக்கு முன்னால் போகிற இடம் என்றுதான் ரொம்ப நாள் அவள் நினைத்திருந்தாள். ஏழு வருஷம் கட்டினார். பிறகு இறந்துபோனார். ஹெலிகாப்டர் கம்பெனியும் மூடிப்போயிற்று. காகிதம் மட்டும் சாகாமல் கை மாறிக் கை மாறி டெரிக்கிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

கதவைத் திறந்தது கோரி. சாலைப் பராமரிப்பு வேலை, மழை நாளில் கிடையாது. இருபத்தாறு வயதில் அப்பாவின் தோள்கள் அவனுக்கு அப்படியே வந்திருந்தன.

"ராணியம்மா தரையிலேயே வந்துட்டீங்களா" என்றான். ஆனால் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து வழிவிட்டான்.

அம்மா பள்ளிக்கூடச் சமையலறைச் சீருடையை மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தொலைபேசி. பக்கத்தில் காசோலைப் புத்தகம், திறந்தபடி. மணி மூன்றே முக்கால்.

கெண்ட்ரா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீல் சொன்னதை, பத்து டாலரின் சூட்சுமத்தை, சம்பளத்தில் கை வைப்பார்கள் என்பதை. அம்மா கேட்டுக்கொண்டாள். காப்பி வேண்டுமா என்றாள்.

"அம்மா, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. உன் வீட்டுக் கடன் நிக்குதுல்ல? நான் ஏத்துக்கிட்டா உன் பேரை எடுத்துடறேன்னு அந்தத் தம்பி சொன்னான்."

"என் பேரு அதுல இருக்கவே கூடாது. எடுக்கறதுக்கு நீ எதுவும் தர வேண்டாம்."

அம்மா காசோலைப் புத்தகத்தை நேராக்கி வைத்தாள். வாங்கியதற்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். கெண்ட்ரா பொறுமையாகச் சொன்னாள். அந்த ஹெலிகாப்டரை ஓட்டியவருக்கு இதில் ஒரு காசு போகாது. தலையைத் தூக்கிப் பிடித்த ஆளுக்கும் போகாது. யாரோ ஒருவன் பழைய காகிதங்களை மூட்டையாக வாங்கியிருக்கிறான், அந்த மூட்டையில் நாமும் இருக்கிறோம்.

"காகிதம் யார் கையில இருந்தா என்ன" என்றாள் அம்மா. "அது வரலேன்னா நீ இன்னிக்கு என் முன்னால நின்னு சட்டம் பேச மாட்டே. அதுக்கு நான் கடன்படலைன்னு என் வாயாலேயே சொல்லணுமா?"

கெண்ட்ரா பைக்குள் ஒரு காகிதத்தைத் தேடினாள். மழைநீர் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. கோரி கதவு நிலையில் சாய்ந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் அவள் ஒரு காகிதத்தில் ஒரே வரி எழுதி அம்மா முன்னால் வைத்தாள். எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள். இன்றைக்கு இதை மட்டும் சொல், கட்டுவதா வேண்டாமா என்பதை வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். அம்மா கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நாலு மணிக்குச் சரியாக மணி அடித்தது. கெண்ட்ரா எல்லோருக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்தினாள்.

"கிளென்னாம்மா, எப்படி இருக்கீங்க? அங்க மழையா?" என்றது இளம் குரல். உண்மையிலேயே தன்மையான குரல்தான். அதுதான் கெண்ட்ராவுக்கு எரிச்சலாக இருந்தது.

மழைதான் தம்பி என்றாள் அம்மா. அவள் கை காசோலைப் புத்தகத்தின் மேல் இருந்தது. கெண்ட்ரா அந்தக் கையையே பார்த்தாள். சமையலறைச் சூட்டில் சிவந்துபோன விரல்கள். பேனாவை எடுத்தன. வைத்தன. மறுபடி எடுத்தன.

டெரிக் அவசரப்படுத்தவில்லை. இன்றைக்கு என்ன முடியுமோ அதைக் கொடுங்கள், மனசு தெரிந்தால் போதும் என்றான். பிறகு, அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று நினைத்தோ என்னவோ, சொன்னான்:

"உங்க வீட்டுக்காரரே ஆரம்பிச்சு வெச்சுட்டாரே. போன வெள்ளிக்கிழமை இருபத்தஞ்சு டாலர் கட்டியிருக்காரு. அந்த மாதிரி மனுஷங்களுக்கு நாங்க எவ்வளவோ விட்டுக்கொடுப்போம்."

அம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"யாரு?" என்றாள்.

"வெர்னன் சார்தான். நான்தான் பேசினேன்."

கெண்ட்ரா திரும்பிப் பார்த்தாள். கோரி நிலையிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவும் பார்த்தாள். மகனை ரொம்ப நேரம் பார்த்தாள். தொலைபேசியில் டெரிக் "அம்மா, இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேன்" என்றாள் அம்மா. குரல் மாறிப்போயிருந்தது. "அவரு எப்படிப் பேசினாரு தம்பி?"

"நல்ல மனுஷர். அதிகம் பேசல. இவ்வளவு லேட்டானதுக்கு மன்னிச்சுக்குங்கன்னாரு."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா அழுகையையா என்று கெண்ட்ராவுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கே தெரிந்திருக்காது.

"தம்பி, என் வீட்டுக்காரர் செத்துப் பதிமூணு வருஷம் ஆகுது. சர்ச்சுக்குப் பின்னாடிதான் படுத்திருக்காரு. அவர்கிட்ட நீங்க பேசினதையும், அவர் பணம் கட்டினதையும் எழுத்துல அனுப்புங்க. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

மறுமுனை முதல்முறையாகத் தடுமாறியது. மேலதிகாரியைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான் டெரிக். ஒலி நின்றது. அம்மா காசோலைப் புத்தகத்தை மூடினாள்.

கெண்ட்ரா உடனே வக்கீலுக்குச் செய்தி அனுப்பினாள். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. "யாரும் எதுவும் கட்ட வேண்டாம். போனை எடுக்க வேண்டாம். திங்கள் காலை மூன்று பேரும் வாருங்கள். செத்தவர் பெயரில் கட்டினால் செல்லுமா என்று நான் பார்க்க வேண்டும். இதற்கு முன் எனக்கு இப்படி வந்ததில்லை."

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டுத் தம்பியிடம் கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அவன் நாற்காலியின் முனையில் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றியிருந்தான். அப்பா தபால் நிலைய வாசலில் பூட்ஸ் கயிறு கட்டும்போது இருப்பது மாதிரியே.

"அவன் வெர்னன் மாலட்டான்னு கேட்டான். ஆமான்னுட்டேன்" என்றான் கோரி. "இருபத்தஞ்சு டாலரோட போயிடும், அம்மாவைத் தொல்லை பண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன். அப்படி ஒரு விஷயம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, ஏன் நீ கட்டினே? உனக்கும் இதுக்கும் என்னடா?"

அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். கெண்ட்ரா காத்திருந்தாள். அந்த வீட்டில் காத்திருக்கக் கற்றுக்கொள்ளாமல் யாரும் வளர்ந்ததில்லை.

"நீ நடிக்கறேன்னு நான்தான் சொன்னேன்" என்றான் கடைசியில். "வெள்ளிக்கிழமை ஸ்பெல்லிங் டெஸ்ட், அதுக்குத்தான் வயித்து வலின்னு. அம்மாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். நான் சொல்லலேன்னா உன்னைப் புதன்கிழமையே கார்ல கூட்டிட்டுப் போயிருப்பாங்க. ஹெலிகாப்டரே வந்திருக்காது."

ஆறு வயதுப் பையன். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் அவனைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. விருந்தில் எல்லோரும் கெண்ட்ராவின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது அவன் எங்கே இருந்தான் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அந்தக் காலத்தின் எந்தப் படத்திலும் அவன் இல்லை. இருபது வருஷமாகத் தான் மட்டும் மேலே பறந்துகொண்டிருந்ததாகவும், கீழே ஒருவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவும் அவளுக்குத் தோன்றியது.

"டேய், முட்டாள்" என்றாள். அவன் தோளில் ஒரு குத்து விட்டாள்.

"உன்னால இல்லடா" என்றாள் அம்மா.

இருவரும் திரும்பினார்கள். அம்மா மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பது, நீவுவது, திரும்ப மடிப்பது.

"நீ சொன்னதை நான் நம்பவே இல்ல. வியாழக்கிழமை காலையில காய்ச்சல் பார்த்தேன். நூத்திமூணு. ரெண்டு தடவை பார்த்தேன்."

கோரி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

ஆலை மூடி அப்பாவின் இன்சூரன்ஸ் போய் இரண்டு மாதம் ஆகியிருந்ததை அம்மா சொன்னாள். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. அன்றைக்குப் புது இன்சூரன்ஸ் அட்டை கைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

"நாலு நாள்தானேன்னு நெனச்சேன். மாத்திரை கொடுத்துக் கொடுத்து ஓட்டிடலாம்னு. வெள்ளிக்கிழமை உன்னை ஸ்கூலுக்கு அனுப்பினது ஏன் தெரியுமா, கெண்ட்ரா? என் கண்ணு முன்னாலேயே இருக்கட்டும்னுதான். நான் உருளைக்கிழங்கு மசிச்சுட்டு இருந்தேன். உங்க டீச்சர் ஓடி வந்தா."

ஆகவே இதுதான். தன்மையாகப் பேசும் எவனோ ஒருவனிடம் முகம் காட்ட இவள் ஏன் காசோலைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது கெண்ட்ராவுக்கு இப்போது தெரிந்தது. தெரிந்தது என்பதற்கும் மன்னித்தது என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நூத்திமூணு என்ற எண் மட்டும் உள்ளே திரும்பத் திரும்ப ஓடியது. அவள் அறிந்திருந்த அந்த அழகான இருபது நிமிடத்துக்கு முன்னால், யாரோ அதைத் தொடங்கி வைத்த ஒரு காலை நேரம் இருந்திருக்கிறது.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அம்மா விரிப்பை விட்டுவிட்டாள்.

"காய்ச்சலை நான் சொல்லல. சொல்லியிருந்தா அன்னிக்கே தூக்கிட்டுப் போயிருப்பாரு, அட்டையாவது கிட்டையாவது. அப்புறமா டாக்டர் அவர்கிட்ட ஏதோ சொன்னாரு. அவருக்குப் புரிஞ்சிருக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவரு கேக்கவே இல்ல. ஏழு வருஷம் போய்க் கட்டிட்டு வந்தாரு. ஒரு நாள் கூடக் கேக்கல."

தொலைபேசி மறுபடி அடிக்கத் தொடங்கியது. டெரிக்கின் எண்தான். மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு முறை அடித்து ஓய்ந்தது.

நாற்பது மைல் திரும்பிப் போக வேண்டும். இருட்டுவதற்குள் கிளம்புவதாகத்தான் கெண்ட்ரா வந்திருந்தாள். அம்மாவிடம் கேட்க இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது: அந்த நாலு நாளுக்குள் நான் செத்துப்போயிருந்தால்? இன்றைக்கு அதைக் கேட்க அவளுக்குத் துணிவில்லை. கேட்காமல் போய்விடவும் முடியவில்லை.

அவள் எழுந்தாள். அம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை; போகிறாள் என்றே நினைத்திருக்க வேண்டும். கெண்ட்ரா ஈரக் கோட்டைக் கழற்றிக் கோரியின் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.